எட்டு வயதுத் தமிழ்

கோத்தகிரியில் தேவசிகாமணி என்று ஒரு பிரின்சிபால் இருந்தார். மலைமேல் இருந்த ஓர் ஆங்கில உறைவிடப் பள்ளியை இருபத்தேழு வருடம் நடத்தியவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும், கடைத்தெருவில் அவர் எதிரே வந்தால் பழைய மாணவர்கள் தங்களை அறியாமல் சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொள்வார்கள். அவருடைய ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு பேர். ஒரு வாக்கியத்தை அவர் தொடங்கினால், அது எங்கே போய் முடியப்போகிறது என்று கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

எழுபத்தோராம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்பட்டு ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் கண் விழித்தார். கைகால் பிழைத்திருந்தது. முகம் கோணவில்லை. பக்கத்தில் நின்ற நர்சைப் பார்த்து, "அக்கா, தண்ணி தவிக்கி" என்றார்.

நர்சுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

அவருடைய மகள் பியூலாவிடம் டாக்டர் சொன்னார். "பிற்பாடு படிச்ச மொழி போயிடுச்சு. முதல்ல பேசின மொழி மிச்சம் இருக்கு. அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகிறதுண்டு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்."

மிச்சம் இருந்தது, தெற்கே செம்மணல் தேரிக்காட்டு ஓரத்து ஊர் ஒன்றில் எட்டு வயது வரை அவர் பேசிய தமிழ். அதற்குப் பிறகு மாமா ஒருவர் வந்து அவரைப் பட்டணத்து போர்டிங்கில் சேர்த்துவிட்டார். ஆகவே அந்தத் தமிழில் பசி இருந்தது, பயம் இருந்தது, அம்மையும் பனங்கிழங்கும் கிணற்றடியும் இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மனிதர்கள் பெரியவர்களான பிறகு பயன்படுத்துகிற சொற்கள் எதுவும் அதில் இல்லை.

பியூலாவை அவர் ஆங்கிலத்திலேயே வளர்த்திருந்தார். அவளுக்குத் தெரிந்தது காய்கறி வாங்குகிற தமிழ். அப்பாவும் மகளும் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் இருந்தார்கள். பெரும்பாலும் பேசாமல் இருந்தார்கள்.

அப்போதுதான் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பள்ளி தொடங்கி ஐம்பதாவது வருடம். முன்னாள் பிரின்சிபால் வந்து பேச வேண்டும். அவர் உடல்நிலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழில் பேசினாலும் மகிழ்ச்சியே என்று எழுதியிருந்தார்கள். விழாவுக்கு இரண்டரை மாதம் இருந்தது.

"எனக்குப் பெரிய வார்த்தை வேணும்" என்றார் தேவசிகாமணி.

பியூலா அவரைக் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போனாள். நூலகர் சிவபாக்கியத்துக்கு நாற்பத்து மூன்று வயது. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவர்களின் மகள். வடக்கே இருந்து மாற்றலாகி வரும் டாக்டர்களுக்கும் பேங்க் ஆபீசர்களுக்கும் அவள்தான் தமிழ் கற்றுக்கொடுப்பாள் என்று ஊரில் சொல்வார்கள்.

"என்ன வேணும் சார்?"

"அகராதி. இருக்கதுலயே பெரிசு."

"எதுக்கு சார்?"

"மேடையில பேசணும். எனக்கு வார்த்தை காணாது."

அவள் எழுந்திருக்கவில்லை. "எழுத்துக் கூட்டிப் படிக்க வருமா?"

"மூணாங்கிளாஸ் வரை தமிழ்லதான் படிச்சேன்."

அதற்குப் பிறகு எழுந்து போனாள். அலமாரியிலிருந்து ஒரு நாவலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முன் அட்டை போய், காக்கித்தாள் ஒட்டியிருந்தது. வடிவு என்கிற பெண் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற கதை.

தேவசிகாமணி நாலு பக்கம் புரட்டினார்.

"இது சின்னப் பிள்ளைங்க படிக்கது."

"உங்க தமிழுக்கு என்ன வயசு சார்?"

அவர் யோசித்தார். "எட்டு."

"அப்போ அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும் இல்லையா?"

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். வாசல் வரை வந்த சிவபாக்கியம் சொன்னாள்: "நானும் உங்க ஸ்கூல்ல படிச்சவதான் சார். எஸ்டேட் பிள்ளைங்களுக்கு வருஷம் ரெண்டு இடம் குடுத்தீங்களே, அதுல வந்தேன்."

"பன்னெண்டாவது எப்பம் முடிச்ச?"

"முடிக்கலை சார். ஏழாவதோட நின்னுட்டேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் பேரை நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை. நோயின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

தேவசிகாமணி எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். வீட்டில் பியூலா வைத்திருந்த சிறிய அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நாவலில் தெரியாத சொல் வந்தால் இடது பக்கம் எழுதினார், அதற்குரிய பொருளை வலது பக்கம் எழுதினார். காலையில் எழுதியதை மாலையில் ஒப்பித்தார். மூன்று வாரத்தில் நாவலை முடித்துவிட்டார். நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்திருந்தன.

நோட்டைக் கொண்டுபோய் சிவபாக்கியத்தின் முன் வைத்தார்.

"எல்லாத்துக்கும் அர்த்தம் தெரியும். எதை வேணும்னாலும் கேளு."

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். "துணுக்குற்றாள்?"

"திடுக்கிட்டாள்."

"யாரு?"

"வடிவு."

"எதைப் பார்த்து?"

அவர் நோட்டின் வலது பக்கத்தை எட்டிப் பார்த்தார். அவள் பென்சிலால் அந்தச் சொல்லை அடித்தாள்.

"குமைந்தான்?"

"மனசுக்குள்ள வருத்தப்பட்டான்."

"யாரு?"

"ஒரு பையன்."

"அவன் பேரு?"

அந்தச் சொல்லும் போனது.

"ஏளனம்?"

"கேலி."

"யாரை யாரு பண்ணினது?"

அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் நான்கு சொற்கள் மிஞ்சின. நான்கும், வடிவு தன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிடுகிற பக்கத்தில் இருந்தவை. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அவர் அகராதியைத் தொடாமல், கதையை வைத்தே பொருளை ஊகித்து எழுதியிருந்தார்.

அவருடைய காது சிவந்துவிட்டது. "ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சா போதாதா?"

"உங்க ஸ்கூல்ல எத்தனை பிள்ளைங்க சார்?"

"அறுநூறு."

"எல்லார் பேரும் தெரியுமா?"

"அறுநூறு பேரும் தெரியும். நான் லிஸ்டு பாத்துக் கூப்பிட்டதே இல்ல."

"சரி சார்" என்றாள். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் மேட்டில் ஏறி வீட்டுக் கதவு வரை வந்துவிட்டார். அங்கே நின்று யோசித்தார். பிறகு திரும்பி இறங்கி நூலகத்துக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"உன் பேரு என்னம்மா?"

"சிவபாக்கியம் சார்."

அந்த நோட்டை அவர் பிறகு திறக்கவில்லை. நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். இந்தத் தடவை தெரியாத சொல் வந்தால் நிற்கவில்லை. வடிவு எங்கே போகிறாள் என்று பார்த்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

ஆறாம் வகுப்பில் வடிவு தன் டிபன் டப்பாவைப் பாதி மூடியபடியே சாப்பிட்டாள். உள்ளே இருந்தது பழைய சோறு. தவமணி என்கிற உயரமான பெண் ஒருநாள் வந்து, மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கேட்காமலே பாதியைத் தின்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. தேவசிகாமணி தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

ஒருநாள் காலை காபி கொண்டுவந்த பியூலாவிடம், "மனசு கனத்துக் கெடக்கு" என்றார்.

பியூலா பதறிவிட்டாள். "கனமா? நெஞ்சிலயாப்பா? டாக்டரைக் கூப்பிடவா?"

"நெஞ்சு இல்ல. வடிவோட அக்காளைக் கெட்டிக் குடுத்து அனுப்பிட்டாவ. அவ படுத்த பாயி சுருட்டுனபடியே மூலையில கெடக்கு. அதைப் பாத்தா வடிவுக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருக்கு."

"யாருப்பா வடிவு?"

அவர் சொன்னார். பியூலா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். காபி ஆறிப்போனது. அடுத்த நாளும் கேட்டாள். புரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்பாள். அவர் அகராதிப் பொருள் சொல்ல மாட்டார். அது எந்த இடத்தில் வந்தது, அப்போது யார் யாரைப் பார்த்தார்கள் என்று சொல்வார். பியூலா பிறந்து நாற்பது வருடத்தில் அப்பா அவளுக்குக் கதை சொன்னது அதுதான் முதல் தடவை.

எட்டாம் வகுப்பில் அந்த இடம் வந்தது. தேரோட்டத்தன்று யாரோ பள்ளிச் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டார்கள். பெரிய டீச்சர் வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்தினாள். போனது யாரென்று சொல்கிறவர்கள் நிழலுக்கு வரலாம் என்றாள். வடிவுக்குக் கால் சுட்டது. அவள் தவமணியைக் காட்டிக்கொடுத்தாள்.

காட்டிக்கொடுத்தாள் என்ற சொல்லை அவர் முன்பும் கடந்து போயிருந்தார். நோட்டில்கூட எழுதவில்லை. தெரிந்த சொல் என்று நினைத்துவிட்டார். சொல்லிக்கொடுப்பது அவருக்குத் தெரியும். மூன்றாங்கிளாஸ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். காட்டிக்கொடுப்பதும் அப்படி ஒரு நல்ல காரியமாகத்தான் இருக்கும். சொல்லியும் கொடுக்கலாம், கரும்பலகையில் எழுதிக் காட்டியும் கொடுக்கலாம்.

அடுத்த பக்கத்தில் தவமணி பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. வடிவு பெஞ்சில் நகர்ந்து உட்காராமல் பாதி இடத்தை விட்டே வைத்திருந்தாள். அந்த இடத்தில் யாரும் வந்து உட்காரவில்லை.

தேவசிகாமணி இரண்டு பக்கம் பின்னால் போய் அந்தச் சொல்லை மறுபடி படித்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

அவர் பள்ளியில் ஒரு பலகை இருந்தது. உள்ளங்கை அகலம், கயிறு கோத்தது. அவர் பதவிக்கு வந்த இரண்டாம் வருடம், தச்சனைக் கூப்பிட்டு அவரே அளவு சொல்லிச் செய்தது. தமிழ் பேசி மாட்டிக்கொள்கிற பிள்ளையின் கழுத்தில் அதைப் போடுவார்கள். அந்தப் பிள்ளை அதைக் கழற்ற ஒரே ஒரு வழிதான். தமிழ் பேசுகிற இன்னொரு பிள்ளையைப் பிடித்து, அதன் கழுத்துக்கு மாற்ற வேண்டும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்கள் சாப்பாட்டு நேரம் முழுக்க நிற்க வேண்டும், மற்றவர்கள் எழுந்த பிறகே சாப்பிட வேண்டும். ஆள் வைத்துக் கண்காணிக்க வேண்டியதில்லை, பிள்ளைகளே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி அவர் வேறு பள்ளிகளுக்குப் போய்ப் பேசியதுண்டு. அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் நிறுத்தினார்கள்.

"பியூலா, அந்தப் பலகை நெனவு இருக்கா?"

பியூலா அதே பள்ளியில்தான் படித்தாள். "இருக்குப்பா. ஆனா என் கழுத்துக்கு வந்ததே இல்ல. எனக்குத் தமிழ்தான் தெரியாதே."

மறுநாள் நூலகம் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். சிவபாக்கியம் உள்ளே போய், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள். அவர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பலகை உன் கழுத்துல கெடந்துச்சா?"

"கிடந்துச்சு சார்."

"எத்தனை நாளு?"

"ஏழாவது சேர்ந்த ஜூன்ல வந்துச்சு. நான் நிற்கிறவரைக்கும் என்கிட்டதான் இருந்துச்சு."

"அது எப்படி? அடுத்த பிள்ளை தமிழ் பேசுனா அது கழுத்துல மாட்டிரலாம்லா? எல்லாப் பிள்ளையும் பேசும்லா?"

"பேசுவாங்க சார். என் பக்கத்துல வந்துதான் பேசுவாங்க."

"ஏன் உன் பக்கத்துல?"

"பலகை என்கிட்ட இருந்தா யாருக்கும் பயமில்லை. நான் மாத்த மாட்டேன்னு தெரியும்."

வெளியே ஒரு பஸ் மேட்டில் ஏறிப் போனது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சாப்பாட்டு நேரத்துல தெனமும் நின்னியா?"

"தினமும் நின்னேன் சார்."

"நான் பாத்தேனா?"

"நீங்க எனக்கு நேர் எதிர்லதான் உட்கார்ந்து சாப்பிடுவீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எந்தப் புத்தகம் எந்த அலமாரி என்று சொல்வதுபோலச் சொன்னாள். தேவசிகாமணி எழுந்து வீட்டுக்குப் போனார். அதன் பிறகு விழா வரை அவர் நூலகத்துக்கு வரவில்லை. நாவலிலும் எட்டாம் வகுப்பைத் தாண்டிப் போகவில்லை.

விழா ஒரு சனிக்கிழமை. பந்தல் நிறைந்திருந்தது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். பியூலா கையைப் பிடித்து அவரை மேடையில் ஏற்றினாள். அவர் கையில் காகிதம் இல்லை. ஆறு நிமிடம் பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சொல்லுதது ஒங்களுக்கு வெளங்குதா?" என்று தொடங்கினார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர் குரலில் அந்தத் தமிழை அவர்கள் கேட்டதில்லை.

"நான் ஒங்களுக்கு நெறைய சொல்லிக்கொடுத்தேன். கணக்கு சொல்லிக்கொடுத்தேன். எப்படி நிக்கணும், எப்படி உக்காரணும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கூட இருக்கவங்களைக் காட்டிக்கொடுக்கவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பலகை ஒங்க எல்லாருக்கும் நெனவு இருக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பாடத்தை நீங்க எல்லாரும் நல்லாப் படிச்சிட்டீங்க. ஒரு பிள்ளை மட்டும் படிக்கலை. அந்தப் பிள்ளையைத்தான் நான் தெனமும் நிக்க வச்சேன்."

இன்னும் கொஞ்சம் பேசினார். நா தடுமாறியது. சொல் கிடைக்காத இடத்தில் சும்மா நின்றார். முடித்தபோது ஒருவர் எழுந்தார். பிறகு பந்தல் முழுவதும் எழுந்து கைதட்டியது. நரைத்த தலைகள் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டன. மேடை ஓரத்தில் நின்ற பியூலாவுக்கு ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தேவசிகாமணி பந்தலை வரிசை வரிசையாகப் பார்த்தார். அவர் தேடிய முகம் அங்கே இல்லை.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனார். நாவல் கையில் இருந்தது.

"நீ வரலை."

"சனிக்கிழமை லைப்ரரி உண்டு சார்."

"மேடையில சொன்னேன். ஒண்ணும் மறைக்கலை."

"கேள்விப்பட்டேன் சார்."

"எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுனாவ."

"அதையும் சொன்னாங்க."

அவள் ஒரு புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதி முத்திரை குத்தினாள். பிறகு இன்னொன்றில் குத்தினாள். பாராட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்து வந்திருந்தார். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு வார்த்தை எனக்கு இன்னும் கெடைக்கலை."

"என்ன வார்த்தை சார்?"

"சின்ன வயசுல எங்கம்மை ஜெபம் சொல்லித் தருவா. அதுல 'மன்னியும்'னு வரும். அது ஆண்டவர்கிட்ட கேக்க வார்த்தை. அவரு பதில் சொல்ல மாட்டாரு, அதனால தெனமும் கேட்டுரலாம். எதிர்ல நிக்க மனுசங்ககிட்ட அதை எப்படிக் கேக்கது? உங்ககிட்ட நான் எப்படிக் கேக்கணும்?"

அவளை 'நீங்க' என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை.

நாவலை மேசைமேல் வைத்தார். "ரெண்டாந்தடவை எட்டாவது வரை முடிச்சிட்டேன். மொதத்தடவை படிச்சது ஒண்ணும் மனசுல நிக்கலை. இன்னும் நாலு கிளாஸ் இருக்கு. அதுல எங்கயாவது அந்த வார்த்தை வருதா? பக்கத்தை மட்டும் சொல்லுங்க, நேரா அங்க போயிருதேன்."

சிவபாக்கியம் முத்திரையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஸ்கூலை விட்டு நின்ன வருஷம், எங்க எஸ்டேட் படிப்பகத்துல இந்தக் கதைதான் கிடைச்சுது சார். என்னைக்காவது யாராவது வந்து என்கிட்ட கேட்டா, எந்த வார்த்தையில கேப்பாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுக்காகப் படிச்சேன். மூணு தடவை, முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்."

"எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

"இதுல இல்லை சார்."